பக்கத்துப் பிட்ச்சின் விசில்

1. கோல் கொடுத்த பிறகு

கோல் என்று சென்டரை நோக்கிக் கையை நீட்டியாகிவிட்டது. ஆனால் திருச்சானூர் டீமின் கோல்கீப்பர் ராகவ் வலையிலிருந்து பந்தை எடுக்கவே இல்லை. என்னையே முறைத்துக்கொண்டு நின்றான்.

சித்தூரில் ஒரு சர்ச் கிரவுண்டு. பத்து வயதுக்குட்பட்டோர் செமி ஃபைனல், பக்கத்துக்கு ஏழு பேர். கடைசி இரண்டு நிமிஷம், அதுவரை 1-1. ரெஃப்ரீ நான், விசில் பிடித்து ஆறு மாதம்தான். கோல் அடித்தவள் வெதுருகுப்பம் டீமின் கிரேஸ், ஒன்பது வயது. இந்தக் கோல் நின்றால் அவர்கள் ஃபைனலில்.

"ஏன்டா பந்தை எடுக்கல?"

"நீங்கதானேக்கா விசில் ஊதினீங்க? அதான் நின்னுட்டேன். ஊதிட்டு இப்போ கோலுங்கறீங்க!"

நான் ஊதவே இல்லை. அப்போதுதான் உறைத்தது. ஒரே கிரவுண்டை இரண்டாகப் பிரித்து, அந்தப் பக்கம் இன்னொரு செமி ஃபைனல் நடந்துகொண்டிருந்தது. அதன் ரெஃப்ரீ நவீன். இருவருக்கும் ஒரே மாதிரி விசில் வாங்கியவள் நான்தான், ஜோடியாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று! அவன் விசிலைக் காலையிலிருந்து கேட்டுக் கேட்டு, என் காது அதை வாங்குவதையே விட்டிருந்தது.

ரூல் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த விசிலை நம்பி ஒரு பிளேயர் நின்றுவிட்டால், கோல் கிடையாது, டிராப் பால்; ரெஃப்ரீ பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்க வேண்டும். பந்து பெனால்டி ஏரியாவுக்குள் இருந்திருந்தால் அது கீப்பருக்கு. படித்தபோது, இதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது என்று சிரித்த ரூல். சென்டரில் பந்தை மறுபடி உதைக்கும்வரை முடிவை மாற்றலாம்.

ராகவ் சொல்வது நிஜமா, கோல் விட்டதற்குச் சாக்கா? எனக்கு உடனே தெரிந்தாக வேண்டும். கிரேஸைக் கூப்பிட்டேன்.

2. கிரேஸ் சொன்னது

"விசில் சத்தம் எதுனா கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா. உங்களத் திரும்பிப் பாத்தேன். நீங்க பாட்டுக்கு ஓடிக்கினு இருந்தீங்க. சரி, நமக்கில்லன்னு அடிச்சிட்டேன்."

எவ்வளவு அருமையான பதில்! விசில் கேட்டால் ரெஃப்ரீயைப் பாருங்கள் என்று பெரிய பசங்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். இவள் தானாகவே பார்த்திருக்கிறாள். அந்தப் பதிலிலேயே அவள் கோலும் போனது.

"அடிப்பாவி, கேக்கலன்னு சொல்லிட்டு வர்றதுக்கின்னா!" லைனிலிருந்து கத்தினார் வெதுருகுப்பம் பி.டி. மாஸ்டர். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, குடுத்த கோல எங்கனா திரும்ப வாங்குவாங்களா? துன்ன சோத்தக் கக்குன்ற மாதிரி இருக்குது!"

"இன்னும் கிக் ஆஃப் ஆகல மாஸ்டர். மாத்தலாம்."

டிராப் பால் கொடுத்தேன். ராகவ் பந்தைத் தூர உதைத்தான். நேரம் முடிந்தது. பெனால்டியில் திருச்சானூர் ஜெயித்தது.

நான் ஷூ கழற்றிக்கொண்டிருந்தபோது கிரேஸ் வந்து நின்றாள்.

"அக்கா, நான் நின்னிருக்கணுமா?"

"இல்லம்மா. நீ பண்ணது சரி."

"அந்தப் பையன் பண்ணது?"

"அதுவும் தப்பில்ல."

"கேக்கலன்னு சொல்லிருந்தா கோல் குடுத்திருப்பீங்களா?"

யோசித்தேன். "குடுத்திருப்பேன்."

"ஓ," என்றாள். மாஸ்டர் கூப்பிட்டதும் வேனுக்கு ஓடிவிட்டாள்.

3. அந்த "ஓ"

முடிவு ரூல்படி சரி. யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் நிஜம் சொன்னால் தன் டீமே தோற்கும் என்கிற கேள்வியை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கேட்டவள் நான். ரெஃப்ரீ வேலையை அவள் தலையில் வைத்துவிட்டேன். வேனில் அவளை என்னென்ன சொன்னார்களோ.

புதிதாக விசில் பிடிப்பவர்களுக்கு ஒன்று. பக்கத்துப் பிட்ச்சுக்கு வேறு சத்தம் வருகிற விசில் வாங்குங்கள், அது சுலபம். சந்தேகம் வந்தால், பதில் சொல்வதால் எதையும் இழக்காத ஆளிடம் போய்க் கேளுங்கள். நவீன் முப்பதடி தூரத்தில்தான் இருந்தான். "இப்போ ஊதினியா?" என்று ஒரு வார்த்தை. அவ்வளவு தூரம் நான் நடக்கவில்லை.