சிவப்புச் சீட்டு விழுந்த புத்தகங்கள்

நம் வீட்டுப் புத்தகங்கள் ஏன் உயரமானதில் தொடங்கிக் குட்டையானதில் முடிகின்றன என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பள்ளிக்கூட நூலகத்தில் அப்படி இல்லையாம். உண்மைதான். இது தொழிற்சாலை அடுக்கு. நான் ஐடிஐ வரைக்கும்தான் படித்தவன், எனக்குத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் பிறப்பதற்கு முன், இரண்டாயிரத்து எட்டு வாக்கில், ஒரகடத்தில் கார் இருக்கை செய்யும் தொழிற்சாலையில் உற்பத்தி லைனில் நின்றேன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சேரப்பணஞ்சேரியில் வாடகை அறை எடுத்திருந்தேன். பக்கத்தில் ஒரு சின்ன தேவாலயம், அதன் பின்னால் போதகர் வீடு. எங்கள் அறைக்குத் தண்ணீர் சரியாக வராது. அவர் வீட்டுக் குழாயில்தான் குடம் பிடிப்பேன். அவரும் நெல்லைப் பக்கம் என்பதால் பேச்சு ஒட்டிக்கொண்டது.

அவர் தனி ஆள். கட்டிலில் பாதி அவருக்கு, மீதி புத்தகத்துக்கு. அரிசி டப்பாவின் மேலேயும் புத்தகம் இருக்கும். சம்பளம் வந்த வாரம் படப்பை பழைய பேப்பர் கடைக்குப் போய் மூட்டையைக் கிளறாமல் இருக்க மாட்டார். அங்கே கிடைத்த ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். நானூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் குருவாக இருந்த ஒரு படிப்பாளியின் வாழ்க்கை அது.

அந்தக் குருவுக்கும் இதே கிறுக்குதான். வருமானம் எல்லாம் புத்தகத்துக்கே போகுமாம். கடல் தாண்டி வரும் புத்தகங்கள் பீப்பாயில் அடைபட்டு வண்டியில் வந்து இறங்குமாம். கிரேக்கம், எபிரேயம் எல்லாம் கற்றவர், ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆடு மேய்க்கிறவனுக்கும் புரிகிற மாதிரி பேசுவாராம். போதகர் இதைச் சொந்தச் சித்தப்பா கதை போலச் சொல்வார்.

"கடைசியில என்ன ஆனாரு ஐயா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கடைசி அத்தியாயத்த இன்னும் படிக்கல தம்பி. படிச்சா செத்துருவாருல்லா."

அந்தச் சமயத்தில் அவருக்கு மாற்றல் வந்தது. மலைப்பக்கம் ஒரு ஊர். கொடுத்த வீடு ஒற்றை அறை, ஒரு அலமாரிக்குத்தான் இடம். மற்ற புத்தகங்களை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. ஒன்றைக் கையில் எடுப்பார், அடுத்ததைப் பார்ப்பார், இரண்டையும் வைத்துவிட்டு டீ போடப் போய்விடுவார். சாப்பாடு குறைந்துவிட்டது.

என்னோடு லைனில் நின்ற பென்னலூர்க்காரன் ஒருவனை உதவிக்குக் கூட்டிப் போனேன். விவசாயக் குடும்பம், வாய் கொஞ்சம் நீளம்.

"இதுக்குப் போயி இன்னாத்துக்கு பாஸ்டரே மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு கீறீங்கோ? லைன்ல செய்றா மாதிரி செஞ்சிடலாம்" என்றான்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. ரொம்ப நாள் யாரும் தொடாத சாமான் மீது சிவப்புச் சீட்டு ஒட்டுவோம். சீட்டு விழுந்த பொருள் ஷிப்ட் முடிவதற்குள் லைனை விட்டு வெளியேறிவிட வேண்டும். மிச்சம் இருப்பதை அளவு வாரியாக அடுக்குவோம். போதகருக்கு இது பிடித்துப்போயிற்று. "தூசியப் பாத்துச் சீட்டு போடுங்க. நான் ஒரு வீட்டுக்கு ஜெபத்துக்குப் போயிட்டு வந்து பாத்துக்கிடுதேன்" என்று கிளம்பிவிட்டார்.

சிவப்புக் காகிதத்தைக் கிழித்து ஒட்டினோம். தூசி படிந்தது எல்லாம் அவன் பக்கம், சுத்தமாக இருந்தது எல்லாம் என் பக்கம். நான் என் பங்கை உயர வாரியாக அடுக்கி முடித்து நிமிர்ந்தபோது அவனையும் காணோம், அவன் பக்கம் இருந்த புத்தகங்களையும் காணோம். கொஞ்ச நேரத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போதகர் வந்தார். பின்னாலேயே அவனும் வந்தான்.

"சீட்டு போட்டதெல்லாம் எங்கப்பா?"

"படப்பைக்குப் போயிடுச்சு பாஸ்டரே. குட்டியானை வண்டில ஏத்தி பேப்பர் கடைல எறக்கிட்டேன். சீட்டு போட்டது லைன்ல நிக்கக் கூடாதே."

போதகர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "அந்தத் தடிப் புத்தகம்?" என்றார். கடைசி அத்தியாயத்துக்குப் பயந்து அவர் தொடாமல் வைத்திருந்ததால் அதில்தான் தூசி அதிகம். முதல் சீட்டே அதற்குத்தான் விழுந்திருந்தது.

மூவரும் ஒரு ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போனோம். கடைக்காரர் மூட்டையை ஒரு தடவை பிரித்துப் பார்த்துக் கட்டிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க பாஸ்டரே. நான் வித்த சரக்கை எனக்கே அனுப்பிக்கீறீங்க. பாதிய தொறந்தே பாக்கல போல. அப்புறம் இன்னாத்துக்கு அள்ளிக்கினு போனீங்கோ?"

போதகர் மூட்டையை அவிழ்த்தார். தடிப் புத்தகம் கிடைத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கொஞ்சம் கொஞ்சமாக முகம் தெளிந்தது. பிறகு சிரித்தேவிட்டார்.

"நல்ல வேலை பாத்தீங்கப்பா. படிச்சத நான் தூக்கிச் சுமந்து என்ன செய்ய? படிக்காததுதான் எங்கூட வரணும். சீட்டு போட்டது புது வீட்டு அலமாரிக்கு. போடாதது இந்தத் தம்பி அறைக்கு. ரூம்ல இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் படிக்கட்டும்."

"சீட்டு போட்டதயே உள்ள வெச்சிக்கினா, கம்பெனி ஆடிட்டுக்கு வர்றவன் நம்மள ஃபெயிலாக்கிடுவான் மச்சான்" என்றான் பென்னலூர்க்காரன். கடைக்காரர் மூட்டையைத் திருப்பிக் கட்டிக் கொடுத்தார்.

அப்படி வந்தவைதான் நம் புத்தகங்கள். ஷிப்ட் முடிந்து வருகிற பையன்கள் எடுத்துப் போவார்கள், கொண்டு வருவார்கள். உங்கள் அம்மா கல்யாணமாகி வந்தபோது, நகைப்பெட்டி வைக்கக்கூட இடம் இல்லையா என்று கேட்டாள். பிறகு அவளே ஒன்றை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

மலையிலிருந்து ஒரு நாள் போன் வந்தது. "அவரு போயிட்டாரு தம்பி" என்றார் போதகர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் என்று கேட்டேன்.

"நம்ம இங்கிலாந்துக்காரருதான். நேத்து சாயந்திரம் படிச்சி முடிச்சேன். புத்தகத்தையெல்லாம் பக்கத்து ஊருக்கே எழுதி வச்சிட்டாரு. யாரு வேணும்னாலும் வந்து படிக்கலாமாம். திருட்டுப் போகாம இருக்கச் சங்கிலி போட்டிருக்காங்க. அங்கேயும் உன்ன மாதிரிதான், உயரத்த வச்சு அடுக்கியிருக்காங்க."

நம் அலமாரியில் சங்கிலி இல்லை. எதை வேண்டுமானாலும் எடுங்கள். திரும்ப வைக்கும்போது மட்டும் உயரம் பார்த்து வையுங்கள்.