சார் பெயரில் ஒரு கல்

கனிமங்களுக்குப் பெயர் வைக்க உலக அளவில் ஒரு குழு இருக்கிறது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதில் என்னென்ன கலந்திருக்கிறது, படிகம் எப்படி அமைந்திருக்கிறது, எந்த ஊரில் கிடைத்தது என்று எல்லாம் எழுதி, தான் விரும்பும் பெயரையும் சேர்த்து அனுப்ப வேண்டும். குழு ஓட்டுப் போட்டுச் சரி என்ற பிறகுதான் அந்தப் பெயரை வெளியே சொல்லலாம். உயிரோடு இருக்கிற ஒருவர் பெயரை வைப்பதானால் அவருடைய சம்மதம் வேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் குழு ரொம்பக் கறார்: கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது.

இந்த விதியை எழுதியவர்கள் தென்காசிப் பக்கம் வந்ததில்லை என்று நினைக்கிறேன். கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்துவிட்டு, வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு அதில் தன் பெயரை எழுதி வைக்கிற ஆட்கள் நாங்கள்.

அதனால் இதில் யார் பெயரையும் எழுதப்போவதில்லை. பெயரால் பட்டது போதும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். போனவன் திரும்பவே இல்லை. பத்து, பன்னிரண்டு, பட்டம், முதுகலை என்று போய்க்கொண்டே இருந்து, கடைசியில் நிலவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவனாகப் போய் நின்றேன். "மகன் நெலத்தப் பத்திப் படிக்கான்" என்று அப்பா டீக்கடையில் சொல்லிவைத்தார். அதற்குப் பிறகு ஊரில் பட்டா மாறுதலுக்கு அலைந்தவர்கள் எல்லாம் என்னைத் தேடி வந்தார்கள்.

வீரகேரளம்புதூருக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயல். அந்தக் கோடையில் கிணற்றை ஆழப்படுத்த வெடி வைத்தோம். தண்ணீர் வரவில்லை, கல் வந்தது. வரப்போரம் குவித்த கல்லில் மாதுளை முத்து மாதிரி சிவப்புப் புள்ளிகள். கார்னெட். அந்தப் பெயரே மாதுளையிலிருந்து வந்ததுதான். வெள்ளைக்காரனுக்கும் பார்த்த மாத்திரத்தில் அதே பழம்தான் ஞாபகம் வந்திருக்கிறது. நல்லதாக ஒரு துண்டைப் பொறுக்கிப் பையில் போட்டேன். "தண்ணிக்குத்தான் வழியில்ல, கல்லையாவது நாலு பேரு பாக்கட்டும்" என்றார் அப்பா.

நான் ஆராய்ச்சி செய்த கல்லூரி எது என்று கேட்க வேண்டாம். ஆய்வகத்துச் சன்னலைத் திறந்தால் குற்றாலத்து மலை தெரியும், அவ்வளவு போதும். அங்கே கல்லை அப்படியே மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட முடியாது. மெல்லிசாக அறுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி, தண்ணீரும் ஒரு கருப்புப் பொடியும் போட்டு, வெளிச்சம் ஊடுருவுகிற வரை தேய்க்க வேண்டும். அதைச் செய்வது ஆய்வக உதவியாளர் அக்கா. இலஞ்சியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். எத்தனையோ முனைவர்களின் கல்லைத் தேய்த்துக் கொடுத்தவர். ஒருவர் ஆய்வேட்டிலும் அவரைப் பற்றி ஒரு வரி கிடையாது.

என் கல்லைத் தேய்த்து முடித்த அன்று, "தம்பி, இன்னொரு தடவ கழுவணும், வச்சிட்டுப் போ" என்றார் அக்கா.

"போதும்க்கா, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"பஸ்ஸு நாளைக்கும் வரும்லா."

நான் கேட்கவில்லை. பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, ஓடுகிற ஓட்டத்தில் மைக்ரோஸ்கோப்பில் ஒரு தடவை பார்த்தேன். பார்த்ததும் பஸ் போய்விட்டது. ஒரு கார்னெட்டின் விரிசலுக்குள் நீலமும் பச்சையுமாக ஒரு துணுக்கு மின்னிக்கொண்டிருந்தது. பாடப்புத்தகத்தில் அப்படி ஒன்று இல்லை. நான் படித்த பக்கங்களில் இல்லை என்று சொல்வதுதான் நியாயம்.

மறுநாள் என் வழிகாட்டிப் பேராசிரியரைக் கூட்டிவந்து காட்டினேன். சார் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. திருக வேண்டியதை விட்டுவிட்டு வேறு எதையோ திருகினார். பிறகு, "இண்ட்ரஸ்டிங்" என்றார். அது அவர் எல்லாவற்றுக்கும் சொல்வது. ஆனால் இந்த முறை துண்டை வெளியூரில் ஒரு பெரிய கருவிக்கு அனுப்பி வைத்தார்.

பல வாரம் கழித்து ஒரு பக்கத்தில் பதில் வந்தது. துணுக்கில் நூற்றுக்கு எழுபது சிலிக்கான். மீதி முப்பது என்ன என்று கருவி சொல்லவில்லை. வேறு யாராவது இருந்தால் அந்த முப்பது எங்கே போனது என்று கேட்டிருப்பார்கள். சார் கதவைச் சாத்தினார்.

"அந்த முப்பதுதான்யா நம்ம கண்டுபிடிப்பு. மெஷினுக்கே தெரியாத ஒண்ணு."

நானும் தலையாட்டினேன். அப்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

"பேர் என்ன வைக்கலாம் சொல்லு."

"கிடைச்ச ஊர் பேரோட கடைசியில 'ஐட்' சேர்த்து வைக்கிறது வழக்கம் சார்."

"வீரகேரளம்புதூரைட்." சார் சொல்லிப் பார்த்து மூச்சு வாங்கினார். "ஒரு வரியில அடங்குமா அது? வெளிநாட்டுக்காரன் வாயில நுழையணும்யா." கொஞ்ச நேரம் சன்னல் வழியாக மலையைப் பார்த்தார். "என் பேரு சின்னது" என்றார், மலையிடம் சொல்வது போல.

"நம்ம பேரை நாமளே வைக்கக் கூடாதுன்னு விதி இருக்கு சார்."

"நான் எங்கே வைக்கிறேன்? நீ வைக்கிறே. நான் வேண்டாம்னு சொல்வேன். நீ விடக் கூடாது."

யார் எழுதிய கட்டுரையிலும் தன் பெயரை முதலில் போடுகிறவர், இந்த ஒரு கண்டுபிடிப்புக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலிலிருந்து தானாக விலகிக்கொண்டார். மறுநாள் காலையில் என் மேசையில் அவருடைய சம்மதக் கடிதம் தட்டச்சு செய்து கிடந்தது. தகுதியில்லாதவன் என்றாலும் மாணவனின் பிடிவாதத்துக்கு இணங்க வேண்டியதாயிற்று என்று அதில் இருந்தது. நான் அப்போது இன்னும் பிடிவாதம் பிடிக்கத் தொடங்கியிருக்கவில்லை.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "இதை அனுப்புற அன்னைக்கே உன் தீசிஸ்ல கையெழுத்துப் போட்டுடறேன்." என் ஆய்வேடு ஒன்றரை வருடமாக அவர் மேசையில் டீ டம்ளருக்குத் தாங்கலாக இருந்தது. அந்தக் கையெழுத்து இல்லாமல் எனக்குப் பட்டம் கிடையாது. பட்டம் இல்லையென்றால், இத்தனை வருடம் நான் எங்கே போய்வந்தேன் என்பதற்கு வீட்டில் காட்ட ஒன்றும் கிடையாது.

நான் செய்த அடுத்த தப்பு, வீட்டில் சொன்னது. சாயங்காலமே மாமா வந்துவிட்டார். அம்மாவின் தம்பி, பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஊர்க் காரியங்களுக்கு உத்தரவு போடுகிறார்.

"கெணறு யாருது? ஒங்க அப்பாது. அப்பம் கல்லுக்கும் ஒங்க அப்பா பேருதான். இதுல என்ன கமிட்டி?"

"அய்யோ, வேண்டாம்" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "நான் எப்படி அதைச் சொல்லுவேன்?" அம்மா அப்பா பெயரைச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயர் கேட்டால் என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுவாள்.

"நீ எதுக்குக்கா சொல்லப் போற? ரேஷன்ல அதையா அளந்து போடப் போறாங்க?"

பெயர் எப்படியெல்லாம் வரும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். படித்தவனுக்கு இது ஒரு வியாதி. குற்றாலத்து மலைப்பாறையில் ஒரு பெரும்பங்கு, கல்கத்தாவில் செத்துப்போன ஒரு வெள்ளைக்காரர் பெயரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்றேன். அவருடைய கல்லறைக்கு இந்த வகைக் கல்லை வைத்தார்கள், அவ்வளவுதான் அவர் செய்தது. அமெதிஸ்ட் என்ற ஊதாக் கல்லுக்குக் கிரேக்கத்தில் போதை ஏறாதது என்று அர்த்தம், அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் ஏறாது என்று நம்பினார்கள் என்றேன்.

மாமா நிமிர்ந்தார். "சீசனுக்குக் குத்தாலத்துல கடை போட்டு அதை விக்கலாமே மாப்ள." ஒரு நிமிஷம் யோசித்தார். "இல்ல, ஓடாது. ஏறாம இருக்கவா குடிக்கான்?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "பேரு என்னமும் இருந்துட்டுப் போகட்டும். ஏலே, அது நெசந்தானே?"

"மெஷினே சொல்லிட்டுப்பா."

மெஷின் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

ஆடி மாதக் கோயில் கொடைக்கு, என் கண்டுபிடிப்பைப் பாராட்டி பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டதாக மாமா மறுவாரம் போன் செய்தார். நான் குழுவுக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். அந்த முப்பதைப் பற்றி ஏதாவது எழுத வேண்டுமே என்று, கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். துண்டைக் கருவிக்குள் வைக்கும் முன்பு அதன் மேல் கரியைப் பூசுவார்கள். ஆகவே துணுக்கில் கரி இருந்தால், அது பூசிய கரியா உள்ளே இருந்த கரியா என்று சொல்ல முடியாது. கருவி பேசாமல் விட்டுவிடும். காணாமல் போன முப்பது, கரி.

சிலிக்கானும் கரியும். இது எனக்குத் தெரிந்த பொருள். தினமும் பார்க்கிற பொருள்.

ஆய்வகத்துக்குப் போய், தேய்க்கிற பொடி டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடியில் தூவி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். நீலமும் பச்சையுமாக வட்டம் முழுக்க மின்னியது. டப்பா நிறையப் புதுக் கனிமம். ஒரு மூலையில் ஒன்று கிடைத்ததற்கா இத்தனை ஆட்டம்!

அக்கா பின்னால் வந்து நின்றார். "என்ன தம்பி, பவுடரப் போய்ப் பாத்துக்கிட்டிருக்க?"

சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. கல் தேய்க்கிற மெஷினை நிறுத்திவிட்டு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு பிறகு சிரித்தார்.

"அன்னைக்கே இன்னொரு தடவ கழுவணும்னு சொன்னேன்லா. வெடிப்புக்குள்ள பவுடர் போயி உக்காந்துக்கிடும். எல்லாக் கல்லுலயும் உக்காரும். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன கொறைஞ்சு போவுது ஒங்களுக்கு?"

"ஏன்க்கா நீங்களே சொல்லல?"

"கதவச் சாத்திக்கிட்டுப் பேசுனிய. நான் என்னத்தக் கண்டேன்?"

டப்பாவில் கார்போரண்டம் என்று அச்சிட்டிருந்தது. அந்தப் பெயரின் பின்பாதி, குருந்தம் என்கிற நம்முடைய கல்லுப் பெயர் கடல் கடந்து போய் உருமாறி வந்தது. இதை நான் மாமாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு பிளெக்ஸ் அடிப்பார்.

படிவம் திங்கட்கிழமை போக வேண்டும். வாயை மூடிக்கொண்டு அனுப்பிவிடலாம். குழு பார்த்து, சிரித்து, திருப்பி அனுப்புவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் கையெழுத்து என் கையில் இருக்கும். இதை நான் நினைக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். இரண்டு நாள் நினைத்தேன். சாப்பிடும்போதும் பஸ்ஸிலும் நினைத்தேன். ஆனால் அப்பா கேட்ட அந்த ஒரு கேள்வி இருந்ததே, அதற்கு மெஷினைச் சாட்சிக்கு இழுத்தவன் நான். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் மெஷின் சொன்னதாகப் பொய் சொல்ல, ஒரு வீட்டிலிருந்து ஒருவனை இத்தனை வருடம் படிக்க அனுப்ப வேண்டியதில்லை.

திங்கட்கிழமை காலை சாரிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "யார் யாருக்குத் தெரியும்?"

"அக்காவுக்குத் தெரியும் சார்."

"அந்தம்மா சொல்றதெல்லாம் எவிடென்ஸ் ஆகாது."

"நானே பார்த்தேன் சார்."

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "இது இயற்கையில கிடைக்கவே கிடைக்காதா?"

"அபூர்வமாக் கிடைக்கும் சார். விண்கல்லுல கண்டுபிடிச்சு, அதுக்கு ஏற்கனவே ஒருத்தர் பேரை வச்சாச்சு."

அதில்தான் அவருக்கு உண்மையாக வலித்தது. "யாரு? உயிரோட இருக்காரா?"

"இல்ல சார். போய் ரொம்ப நாளாச்சு."

செத்தவரிடம் என்ன சண்டை போட முடியும்? "எனக்கு முதல்லயே ஒரு டவுட் இருந்துச்சு" என்றார் சார். சம்மதக் கடிதத்தைக் கிழிப்பார் என்று பார்த்தேன். அழகாக மடித்து மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார். என் ஆய்வேட்டின் மேலிருந்த டம்ளரை எடுத்துவிட்டு, "இதை இன்னொரு தடவை முழுசாப் பார்க்கணும்" என்றார். எடுத்த டம்ளரைத் திரும்ப அதன் மேலேயே வைத்தார்.

அன்று ஊரில் இறங்கினால், கோயில் முக்கில் பிளெக்ஸ் நின்றது. சாரலில் நனைந்துகொண்டிருந்தது. மாமா சீருடையில் ஆள் உயரத்துக்கு இருந்தார். நான் ஆதார் அட்டைப் படத்தில் ஒரு ஓரமாக இருந்தேன். நடுவில், இன்டர்நெட்டில் எடுத்த ஒரு பட்டை தீட்டிய வைரம்.

அப்பா கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பம் கல்லுக்குள்ள இருந்தது பொடியா?"

"ஆமாப்பா. சரியாக் கழுவாம விட்டது நான்தான்."

"வாத்தியாருகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். கையெழுத்து தள்ளிப் போயிட்டு."

அப்பா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். "தண்ணியும்தான் தள்ளிப் போயிட்டு. என்ன செய்ய?" என்றார். பிறகு, "பிளெக்ஸ இப்பம் அவுக்க வேண்டாம். ஒங்க மாமன் படம் நல்லா விழுந்திருக்கு. கொட முடியட்டும்" என்றார். கொடை முடிந்து அதை அவிழ்த்து வைக்கோல் போரின் மேல் போட்டோம். மழைக்கு நன்றாகத் தாங்குகிறது. வைரம் உள்பக்கமாக இருக்கிறது.

சார் ஆய்வேட்டை முழுசாகப் பார்த்து முடிக்க அடுத்த ஆடி ஆயிற்று. ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. நன்றி சொல்லும் பக்கத்தில் அக்காவின் பெயரை மட்டும் அடித்துவிட்டு 'ஆய்வக உதவியாளர்' என்று போட்டிருந்தார். மற்றபடி கையெழுத்துக் கிடைத்துவிட்டது.

கையெழுத்து வாங்கிய அன்று சொல்லிவிட்டுப் போக ஆய்வகத்துக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் கல்லை வைத்துக்கொண்டு நின்றான். "அக்கா, அது கொஞ்சம் போடுங்க" என்று ஒரு பெயரைச் சொன்னான். பொடி டப்பாவில், கார்போரண்டம் என்ற எழுத்தை மறைத்து ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதில் மார்க்கர் பேனாவால் சாரின் பெயர், கடைசியில் ஐட் சேர்த்து, அக்காவின் உருண்டைக் கையெழுத்தில். ஒரு வருடமாக எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்களாம்.

சார் இன்னும் பார்க்கவில்லை. டப்பா இருக்கிற பக்கம் அவர் வருவதில்லை. வந்து பார்த்தாலும் விதிப்படி ஒரு குறையும் கிடையாது. பெயரை வைத்தது அவர் இல்லை, சம்மதக் கடிதமும் டிராயரில் தயாராக இருக்கிறது.