நெசவாளர் என்று சொன்னவர்கள்

மூன்று கிழமையாக என் வாய்க்குள் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன. பேருந்தில் ஓடின, குளிக்கும்போது ஓடின, கடையில் பால் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போதும் ஓடின. பத்துப் பேருக்கு ஒரு தலைவன், நூறு பேருக்கு ஒரு தலைவன், ஆயிரத்துக்கு, பத்தாயிரத்துக்கு. புல்வெளியில் சிதறிக் கிடந்த குலங்களை ஒருவன் ஒன்றாகக் கட்டினான், அந்தக் கட்டு சீனத்தின் கடலிலிருந்து ரஷ்யாவின் ஆறுகள் வரை நீண்டது. இதைச் சொல்ல எனக்குப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். டேனிஷில்.

ஐம்பத்திரண்டு வயதில் ஒருவன் மொங்கோலியரைப் பாடமாக்குவதற்குக் காரணம் இருக்கவேண்டும். எனக்குத் தோள்தான் காரணம். கோல்டிங் நகரத்துக்குப் பக்கத்தில் இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் கத்தி பிடித்த தோள். இனி வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். சமூக ஆலோசகர் படிப்புக்குப் போக விரும்புகிறேன் என்றேன். கொமூன் என்ற நகரசபை அலுவலகத்தில் ஒரு பெண் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, சரி, வளர்ந்தோர் பள்ளியில் பாடங்களை முடியுங்கள் என்றாள். எல்லாம் முடிந்தது, சரித்திரம் மட்டும் மிச்சம். வாய்மொழிப் பரீட்சை. தவறினால் இந்த வருட அனுமதி போய்விடும். அடுத்த வருடம் வரை கொமூன் பொறுத்திருக்காது, ஏதாவது பண்டகசாலைக்கு அனுப்பிவிடும். என் தோள் ஒரு பண்டகசாலையை இனித் தாங்காது.

எங்களுக்குப் படிப்பு என்றால் பாடமாக்குவது. எனக்கு வேறு முறை தெரியாது. பரீட்சைக்குரிய ஆறு தலைப்புக்கும் ஆறு பேச்சு எழுதினேன். பத்தொன்பது வயது மகள் சிவப்புப் பேனையால் டேனிஷைத் திருத்தித் தந்தாள். அவற்றைக் கைத்தொலைபேசியில் பதிந்து, வீட்டுக்குப் பின்னாலுள்ள கார் தரிப்பிடத்தில் மேலும் கீழுமாக நடந்தேன்.

"ஃபார், அவர்கள் இடையில் மறித்துக் கேள்வி கேட்பார்கள்," என்று மகள் டேனிஷில் சொன்னாள். அவள் என்னை அப்பா என்று கூப்பிடுவது காய்ச்சல் வந்தால் மட்டும்.

"மறிக்கட்டும். முடிச்சாப் பிறகு மறிக்கட்டும்."

"முடிக்க விடமாட்டார்கள். உங்கள் கருத்தைக் கேட்பார்கள்."

"எண்ணூறு வருசத்துக்கு முந்தி நடந்ததிலை எனக்கென்ன கருத்து?"

மேல்மாடியில் இருக்கும் பழைய வேலைத் தோழர் யன்னலைத் திறந்து, "அண்ணை, அந்த ஆள் செத்து எவ்வளவு காலம். இன்னும் அவரோடை மல்லுக்கட்டுறியளே?" என்றார்.

"அவர்தான் எனக்கு வேலை எடுத்துத் தரப்போறார்."

"குதிரை மேய்க்கிற வேலையோ?"

ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடத்தின் வாசலில், தேறி வருபவர்களை வரவேற்கக் கொடிகளுடனும் ரோசாப்பூக்களுடனும் இளசுகளின் குடும்பங்கள் நின்றன. என்னுடன் ஒருவரும் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். நான் தடுமாறுவதை யாரும் பார்க்க எனக்கு விருப்பமில்லை. உள்ளே பச்சைத் துணி விரித்த மேசை. ஒரு பக்கம் எங்கள் ஆசிரியை, என் மகளைவிடப் பத்து வயதுதான் மூத்திருப்பாள். மறுபக்கம் வேறு ஊரிலிருந்து வந்த வெளிப் பரீட்சகர், நரைத்த தாடி, கூர்மையாகச் சீவிய பென்சில். கவிழ்த்து வைத்த தாள்களில் ஒன்றை எடுத்தேன். மொங்கோலியர். எனக்குக் கண் கலங்கியது. ஆறில் அதைத்தான் நித்திரையிலும் சொல்லுவேன்.

ஆயத்த அறையில் ஒரு சிறிய வாசிப்புத் தாளும் தந்தார்கள். இரண்டு பழைய நூல்களின் துண்டுகள். அதைப் பார்த்தேன், பார்க்கவில்லை. என் பேச்சுத்தான் தலைக்குள் மணி அடித்துக்கொண்டிருந்தது.

மேசைக்கு வந்ததும் தொடங்கினேன். பேரரசின் எழுச்சிக்கு மூன்று காரணங்கள். பத்துகளின் படை. ஒரு நாள் ஓட்டத் தூரத்துக்கு ஒரு குதிரை நிலையம், களைத்த குதிரையை விட்டுப் புதிய குதிரையில் ஏறும் தூதன், கழுத்தில் உலோகத் தகடு, அந்தத் தகட்டைக் கண்டால் வழிவிடும் ஊர்கள். தாளும் மருந்தும் வெடிமருந்தும் நடந்த பாதை, பின்னர் கொள்ளைநோயும் அதே பாதையால். எல்லா மதத்துக் குருமாருக்கும் வரி விலக்கு. நன்றாகத்தான் போனது. நான்காவது நிமிடத்தில் வெளிப் பரீட்சகர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"நன்றி. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் தாளைப் பற்றிப் பேசுவோமா?"

நான் நிறுத்தினேன். பிறகு, என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாமல், திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். பேரரசின் எழுச்சிக்கு மூன்று காரணங்கள். இடையில் நிறுத்தினால் எனக்கு இடையிலிருந்து வராது. ஆசிரியை கண்ணை மூடித் திறந்தாள். பரீட்சகர் கையை உயர்த்தினார், மரியாதையாகத்தான். அந்தக் கைக்குப் பின்னால் ஒரு பண்டகசாலை தெரிந்தது, அதன் உயரமான அடுக்குகள் தெரிந்தன.

"இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள்," என்றார். "ஒரே சம்பவம். ஏன் ஒன்றுபோல இல்லை?"

அப்போதுதான் தாளை வாசித்தேன். ஒருவர் தப்பி ஓடியவர். அவருக்கு எல்லாம் சாவு, எல்லாம் சாம்பல். மற்றவர் மொங்கோலிய அரசன் கானிடம் வேலை பார்த்தவர், அவருக்கு எல்லாம் ஒழுங்கு. இரண்டு பேரும் ஒரு காட்சியை எழுதியிருந்தார்கள். சரணடைந்த நகரத்தின் சனங்களை வெளியே வெட்டைவெளியில் நிறுத்தி, தொழில் தெரிந்தவர்களைப் பிரித்தெடுக்கிறார்கள். நெசவாளர் இந்தப் பக்கம், கொல்லர் அந்தப் பக்கம். அவர்களைக் கொல்வதில்லை. தூர தேசத்துக்குக் கொண்டுபோவார்கள்.

அந்த வரிசை எனக்குத் தெரியும்.

"இரண்டு பேரும் ஒரு ஆளை எழுதவில்லை," என்றேன். என் டேனிஷ் நொண்டியது, திருத்தாத டேனிஷ். "தறியையே தொடாமல், நான் நெசவாளன் என்று சொன்னவனை."

"அதற்கு ஆதாரம் இருக்கிறதா?"

"தாளில் இல்லை. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஸ்கீவ என்ற ஊரில் ஒரு அலுவலகத்தில் என்ன தொழில் தெரியும் என்று கேட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவனை இறைச்சி வேலைக்கு எடுத்தார்கள். இறைச்சி வெட்டுவேன் என்று நானும் சொன்னேன். எங்கள் வீட்டில் முட்டைகூடப் பொரிப்பதில்லை. நான் அதுவரை கத்தியால் வெட்டியது கத்தரிக்காய்தான்."

ஆசிரியை சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். அவர் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்தார்.

"அப்படியானால் இந்தப் பேரரசின் நீண்டகால விளைவு என்று எதைச் சொல்வீர்கள்?"

புத்தகத்து விடை நாக்கின் நுனியில் நின்றது. அதை விழுங்கினேன். "அந்தப் பொய் சொன்னவன் போன இடத்தில் உண்மையிலேயே நெசவு பழகியிருப்பான். வேறு வழியில்லை. அவனுடைய துணி குதிரைப் பாதையால் எங்கோ போயிருக்கும். அதை வாங்கியவர்கள் அவனுடைய பழைய நகரத்து நெசவு என்றே சொல்லியிருப்பார்கள். ஒழுங்கைப் புகழ்ந்தவர் இதை எழுத மாட்டார். தப்பி ஓடியவர் இதைக் கண்டிருக்க மாட்டார்."

வெளியே நிற்கச் சொன்னார்கள். ஐந்து நிமிடம். அந்த நடைபாதையில் நான் பத்துகளையும் நூறுகளையும் நினைக்கவில்லை, சுவரில் தீயணைக்கும் குழாயின் பாவனை விளக்கத்தை நாலு தரம் வாசித்தேன். கூப்பிட்டார்கள். முதல் பாதி பலவீனம், இரண்டாம் பாதியில் நீங்கள் மூலங்களோடு பேசினீர்கள் என்றார் பரீட்சகர். நாலு. இரண்டு புள்ளி எடுத்தாலே தேர்ச்சி.

வாசலுக்கு வந்து மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நாலு."

"நாலோ? எத்தினைக்கு?"

"பன்னிரண்டுக்கு. காணும், பாஸ்."

"முருகா." மூச்சு விட்டாள். "மொங்கோலியர் வந்ததோ? முழுக்கச் சொன்னியளோ?"

"இல்லை, மறிச்சுப்போட்டினம்." பிறகு சொன்னேன், வரிசையை, ஸ்கீவவை, கத்தரிக்காயை. மறுமுனையில் அவளுடைய வேலையிடத்துத் தள்ளுவண்டி உருளும் ஓசை கேட்டது.

"இஞ்சேருங்கோ," என்றாள், குரலைத் தாழ்த்தி. "அதை ஏன் போய் அங்கை சொன்னனியள்? அவை எழுதி வைப்பினமோ?"

"சரித்திரப் பாடமப்பா."

"பாடமோ என்னவோ. கொமூனுக்குப் போகுமோ?"

போகாது என்றேன். அந்தப் பென்சில் எதை எழுதியது என்று எனக்குத் தெரியாது. கொடிகளுக்கும் ரோசாப்பூக்களுக்கும் நடுவால் பேருந்துத் தரிப்பிடத்துக்கு நடந்தேன். தேறியவன் நடப்பதைவிடச் சற்று வேகமாக.