மஞ்சள் சட்டைக்குப் பின்னால்

அத்தானின் பார்வை ஓரங்களிலிருந்து போய்க்கொண்டிருந்தது. கண் அழுத்த நோய். இனி மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது என்று திருநெல்வேலியில் மருத்துவர் சொல்லிவிட்டார். “சைக்கிளைப் பத்தி அவரும் கேக்கல, நானும் சொல்லல” என்றார் அத்தான். என் அக்காவுக்கும் அவருக்கும் அதன் பிறகு ஒரு ஒப்பந்தம் ஆகியிருந்தது. வழக்கம்போல இந்த வருஷமும் என்னோடு கிளம்பலாம். சிவகிரியிலிருந்து செங்கோட்டைக் கணவாய் ஏறி கொல்லம், கடலோரமாகக் கன்னியாகுமரி, நாகர்கோவில் வழியாகத் திரும்புவது. முதல் நாள் கணவாயை விழாமல் தாண்டிவிட்டால், இன்னும் ஒரு வருஷம் சைக்கிள் அவருக்கு. இல்லையென்றால் அன்றோடு சரி.

கிளம்பும்போது அக்கா எனக்கு மஞ்சள் நிற மழைச்சட்டை ஒன்றைக் கொடுத்தாள். “நீ முன்னால போ. அவுக இதப் பாத்து வருவாக.”

புளியங்குடி, கடையநல்லூர் வரை வெயில். எதிரே பஸ் வந்தால் “பஸ்” என்று கத்துவேன். பள்ளம் என்றால் “பள்ளம்”. அவர் பின்னாலிருந்து “சரி” என்பார். இரும்புக் கடைக்காரர், வாய் ஓயாது. சிமென்ட் விலையிலிருந்து எங்கள் கல்யாண வீடுகளின் சாப்பாடு வரை என் முதுகோடு பேசிக்கொண்டே வந்தார். தென்காசியைத் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

குற்றாலத்தில் மெயின் அருவியில் கூட்டம். அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். தண்ணீர் தலையில் விழுந்ததும் கையை உதறிவிட்டார். “இங்க கண்ணைத் தொறந்தாத்தாம்ல தப்பு” என்று கத்தினார். அவரைச் சுற்றி எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றார்கள். வெகுநேரம் வெளியே வர மறுத்தார்.

அங்கிருந்து செங்கோட்டை நோக்கிக் கிளம்பினோம். சாரலும் காற்றும் சேர்ந்துகொண்டதில் அவருடைய குரல் விட்டுவிட்டுக் கேட்டது. ஒரு லாரிக்காக “லாரி” என்று கத்தினேன். “சரி” வரவில்லை. திரும்பினேன். சாலையில் யாரும் இல்லை.

திரும்பிப் போகும்போது ஓரத்து வாய்க்காலைத்தான் முதலில் பார்த்தேன். அப்புறம் வயலை. தண்ணீரில் கிடந்த ஒரு சிமென்ட் சாக்கை ஆள் என்று நினைத்துச் சைக்கிளைப் போட்டுவிட்டு இறங்கினேன். இலஞ்சிக்குப் பிரியும் இடத்தில் டீக்கடை இருந்தது. கேட்டதும் டீக்கடைக்காரர் கையை நீட்டினார். “ஹெல்மெட் போட்ட அண்ணாச்சியா? மஞ்சச் சட்டைக்காரர் பின்னால கோயில் பக்கமாப் போனாவளே.”

குமாரர் கோயில் வாசலில், ஓடு போட்ட பந்தலுக்குக் கீழே அத்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மஞ்சள் வேட்டி, மஞ்சள் சட்டையில் ஒரு நடுவயதுக்காரர். அவருடைய சைக்கிளில் தேங்காய்ப் பை தொங்கியது. வேண்டுதலுக்கு வந்தவர்.

“நீங்கதான் மச்சினனா?” என்றார். “இவ்வோ எம் பின்னாலயே பேசிக்கிட்டு வருதாவ. எங்கிட்டத்தான் பேசுதாவன்னு நானும் ஆமா, ஆமான்னுகிட்டே வந்தேன்.”

“யாருன்னு கேக்கப்படாதா?”

“சுவாரசியமாப் பேசுனாவ, கெடுப்பானேன்? மலையேறிட்டா வீட்டம்மா இன்னும் ஒரு வருசம் சைக்கிள் தருவாவன்னாவ. நல்லா ஏறுங்க அண்ணாச்சின்னேன்.” சிரித்தார். நாங்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஒரு வாழைப்பழத்தை அத்தான் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அத்தான் பழத்தை உரிக்கவில்லை.

“குரல் கூட வேற மாதிரி இருந்துது மாப்ளே. சளி புடிச்சிருக்குன்னு நெனச்சேன்.”

“மழை அத்தான். ஒங்க மூக்குக்கண்ணாடி முழுக்கத் தண்ணி. எனக்கே ஒண்ணும் தெரியல.”

“ஒனக்குத் தெரியலன்னா நிப்பே. நான் நிக்கலியே.” பழத்தைப் பக்கத்தில் வைத்தார். “புளியறை ஏத்தத்துல மஞ்சளா ஒரு லாரி முன்னால போனா, அது பின்னாலயும் போயிருப்பேன்.”

மெதுவாகப் போகலாம், ஏற்றத்தில் தள்ளிக்கொண்டே போகலாம், மழை விட்டதும் கிளம்பலாம் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். அக்காவின் எண்ணை ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

“நாங்க திரும்பி வாரோம்” என்றார்.

“அடி பட்டுச்சா?”

“இல்ல.”

“அவனுக்கு?”

“இல்ல.”

 “சரி, உலை வைக்கேன்” என்றாள். காரணத்தை அவள் கேட்கவேயில்லை.

வண்டி பிடிக்கச் செங்கோட்டை வரை இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம்.  அங்கே ஒரு லோடு ஆட்டோ கிடைத்தது. சைக்கிள்களை ஏற்றிய டிரைவர், டயர்களை அமுக்கிப் பார்த்துவிட்டு, “காத்து நல்லாத்தான இருக்கு, என்ன ரிப்பேரு?” என்றார். அத்தான் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். நான் பின்னால், இரண்டு ஹேண்டில்பாரையும் பிடித்துக்கொண்டு நின்றேன். மேற்கே மலை மேகத்துக்குள் இருந்தது.

சிவகிரி வரும்போது விளக்குப் போட்டிருந்தார்கள். வீட்டுத் தெருவுக்குத் திரும்பும் முன் அத்தான் தன் கடை வாசலில் நிறுத்தச் சொன்னார். தன் சைக்கிளைத் தானே இறக்கினார். கம்பிக்கட்டுகளுக்கும் பெயிண்ட் டப்பாக்களுக்கும் நடுவே உருட்டிக்கொண்டு போய்ச் சுவரில் சாத்தினார்.

“வீட்டுலயே வைக்கலாமே அத்தான்.”

“வீட்டுல இருந்தா காலைல எடுத்துருவேன்.”

ஷட்டரை இழுத்தார். பூட்டின் துவாரத்தை விரலால் தடவித் தேடினார். நான் கையை நீட்டியதும் சாவியைக் கொடுத்துவிட்டார்.