சவுக்குக்கு அந்தப் பக்கம்

வெயிலில் மயங்கியிருப்பாய், வெறும் வயிற்றில் அலைந்திருப்பாய் என்று சொல்ல நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று காலையில் நான்கு இட்லி சாப்பிட்டிருந்தேன். பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. தலையில் தொப்பி இருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஊர்ப் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன், அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

என் பெயர் ரீட்டா. காரைக்கால் தலத்தெருவில் வீடு. ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில், கிராமங்களைப் பற்றிக் குறிப்பு எழுதுவது என் வேலை. எத்தனை வீடு, எத்தனை படகு, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுத வேண்டும். அந்த முறை எனக்குக் கொடுத்தது கீழவாஞ்சூர் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். ஊரில் எந்த மூலையில் நின்றாலும் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். லாரிச் சத்தம் ஓயவே ஓயாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு மூன்றாம் மாதம் தொடங்கியிருந்தது. அதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. இந்தத் தடவை என் வீட்டுக்காரர் ஜான்பீட்டரைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. ஸ்கேனில் ஒரு சின்னத் துடிப்பைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு பேரும் அழுதோம். “உச்சிப்பொழுதுல கடற்கரப் பக்கம் தனியா போவாத” என்றார். வேதக்காரக் குடும்பத்தில் பிறந்துவிட்டு உச்சிப்பொழுதுக்குப் பயப்படுகிற ஆளைப் பார் என்று கேலி செய்துவிட்டுத்தான் ஸ்கூட்டியை எடுத்தேன்.

அந்த ஊரில் முதலில் கண்ணில் படுவது கறுப்பு. காற்று திரும்பினால் துறைமுகத்தில் இறக்குகிற நிலக்கரியின் தூள் வந்து படியும். வாசலுக்கு வாசல் ஈரச் சாக்கு கிடக்கும். அதில் காலைத் துடைக்காமல் யாரும் உள்ளே போவதில்லை. தண்ணீர் கேட்டால் தம்ளரின் மேல் ஒரு தட்டும் சேர்ந்தே வரும். துணியை வெளியே காயப்போடுவதே இல்லை. இரண்டு நாள் போய் வந்ததில் எனக்கே தம்ளரைக் கையால் பொத்திக் குடிக்கும் பழக்கம் வந்துவிட்டது.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஊர்ப் பெண்களையே தரையில் கோலமாவால் ஊர்ப் படம் போடச் சொல்வோம். தெருவுக்கு ஒரு கோடு. வீட்டுக்கு ஒரு சிப்பி. மூன்றாம் நாள், சமுதாயக் கூடத்துத் தரையில் அல்லி அக்கா முன்னால் நின்று போட்டார். மீன் விற்கிறவர், நாற்பதைத் தாண்டியவர், சாதாரணமாகப் பேசினாலே ஏலம் விடுகிற மாதிரி இருக்கும். கடைசிச் சிப்பியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“அக்கா, சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கே. அதப் போடலியே?”

அல்லி அக்கா கோலமாவுக் கிண்ணத்தை மூடினார்.

“அங்க வீடு கெடையாதும்மா. வெறும் மணலு.”

“வரும்போது பாத்தேங்க்கா. வெள்ள வீடு.”

“வெயிலுக்கு அப்புடித் தெரியும். வாங்க, சோறு ஆறிடும்.”

மற்ற பெண்களும் மாவுக் கையைத் தட்டிவிட்டு எழுந்தார்கள். அப்போதுதான் நான் தப்பாக நினைத்தேன். ஊர்க் கட்டுப்பாட்டை மீறிய குடும்பத்தை ஊரே சேர்ந்து ஒதுக்கி வைப்பதை வேறு ஊர்களில் பார்த்திருக்கிறேன். படம் போடச் சொன்னால் அந்த வீட்டை மட்டும் விட்டுவிடுவார்கள். கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். இங்கேயும் அதுதான் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு வீட்டை ஒளித்துவிட்டு எழுதினால் அது என்ன ஊர்க் குறிப்பு? நீங்கள் போங்கள், பின்னால் வருகிறேன் என்று சொல்லி அவர்களை அனுப்பினேன். ஒரு சிப்பியை எடுத்துத் தோப்புக்கு அந்தப் பக்கம் வைத்தேன்.

பிறகு நடந்தேன். துறைமுகத்தில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.

தோப்புக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன். லாரிச் சத்தம் இல்லை. தூரத்தில் கேட்கிறது என்று கூடச் சொல்ல முடியாது. சுத்தமாக இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீடு இருந்தது. கடலைப் பார்த்த வாசல். சுண்ணாம்பு அடித்த சுவர், பால் மாதிரி வெளுப்பு. வெளியே கொடியில் ஒரு வெள்ளை வேட்டி ஆடியது. அதில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை.

உள்ளே தூளி ஆடும் சத்தம்.

கிரீச்... கிரீச்...

“யாரு? உள்ள வாங்க.”

என் வயசுதான் இருக்கும் அவளுக்கு. தூளிக் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முகம் நல்ல முகம். வாசலில் காலைத் துடைக்கச் சாக்கைத் தேடினேன். இல்லை. அப்படியே உள்ளே போனேன். சிமெண்டுத் தரையில் என் பாதம் கறுப்பு கறுப்பாகப் பதிந்தது. அவள் அதையே பார்த்தாள்.

தண்ணீர் கொடுத்தாள். தம்ளருக்கு மூடி இல்லை. நான் கையால் பொத்தினேன்.

“ஏன் மூடுறீங்க?”

“கரி விழும்ல.”

“எந்தக் கரி?”

விளையாடுகிறாளா என்று பார்த்தேன். அவள் விளையாடவில்லை. கிரேனைக் காட்டலாம் என்று வாசல் வழியே கையை நீட்டினேன்.

கிரேன் இல்லை. அது நிற்க வேண்டிய இடத்தில் வானம் மட்டும் இருந்தது.

கை நீட்டியபடி நின்றேன். அப்புறம்தான் வெயிலைப் பார்த்தேன். உச்சி நேரத்தில் வெயில் தலைக்கு மேலே இருக்க வேண்டும். அங்கே அது கடல் பக்கத்திலிருந்து சரிந்து வந்து, தரை முழுக்க நீளமாகக் கிடந்தது. காலை வெயில்.

அப்போதே ஓடியிருக்க வேண்டும். பயத்தில் மனுஷன் என்ன செய்வானோ தெரியாது, நான் என் வேலையைச் செய்தேன்.

“வீட்ல... எத்தன பேரு?”

“மூணு. அவரு கடலுக்குப் போயிருக்காரு. உங்க வீட்ல?”

“ரெண்டு பேரு. நானும் வீட்டுக்காரரும்.”

அவள் என் வயிற்றைப் பார்த்தாள்.

“அத ஏன் விட்டுட்ட?”

இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்தினேன். மாதாவே, இதையும் எடுத்துவிடாதே... அது மட்டும்தான் மனசில் ஓடியது.

கிரீச்... கிரீச்...

தூளி நின்றது.

அலைச் சத்தமும் நின்றது.

அவள் எழுந்து, ஒரு காலை இழுத்தபடி வாசலுக்குப் போனாள்.

“கடல் எங்க போச்சு?”

நானும் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஈரச் சேறு. அதில் மீன்கள் துள்ளின.

அவள் தூளிக்குள் கையை விட்டாள். துணியோடு அள்ளினாள். என் முன்னால் நீட்டினாள்.

“வாங்கிக்க.”

கடல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

“வாங்கிக்கிட்டு ஓடு.”

வாங்கினேன்.

ஏன் வாங்கினேன் என்று கேட்காதீர்கள். ஒரு தாய் நீட்டினாள். வாங்கினேன். ஓடினேன்.

பின்னால் ஒரு இரைச்சல்...

நெஞ்சில் சூடு. என் வயிற்றோடு ஒட்டி இன்னொரு துடிப்பு...

திரும்பவில்லை...

லாரி ஹார்ன்.

தோப்பைத் தாண்டி வெளியே நின்றேன். கிரேன் இருந்தது. வெயில் தலைக்கு மேலே இருந்தது. என் கைகள் குழந்தையை அணைத்த மாதிரியே மடங்கியிருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. சுடிதாரின் முன்பக்கம் மட்டும் மார்பிலிருந்து கீழே வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. உப்பு வாடை அடித்தது.

அல்லி அக்கா தோப்பின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே ஒரு அடி வைக்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்கவும் இல்லை.

“நீட்டுனாளா?” என்றார்.

தலையாட்டினேன்.

“வாங்குனீங்களா?”

“வாங்கிட்டேங்க்கா.”

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். ஏலம் விடுகிற அந்தக் குரல் எங்கேயோ போய்விட்டது.

“சுனாமி அன்னக்கி அந்தப் பக்கம் ஒரு வரிசையே வீடு இருந்துச்சும்மா. எல்லாம் போச்சு. சவுக்கு அதுக்கப்புறம் வச்சது. கரியும் அதுக்கப்புறம் வந்ததுதான். அவ பேரு நீலாயதாட்சி. என் கூட்டாளி. அவ அப்பத்தான் கால்ல அடிபட்டுக் கெடந்தா, ஓட முடியாது. ஓடுற என்னப் பாத்துப் புள்ளய நீட்டுனா. எங் கையில எம் புள்ள இருந்துச்சு. நான் வாங்கல.”

ஒரு பிடி மணலை அள்ளிக் கீழே விட்டார்.

“அங்க போன ஒண்ணு ரெண்டு பேருகிட்டயும் நீட்டியிருக்கா. எல்லாரும் அலறிக்கிட்டு ஓடியாந்தாங்க. இதுவரைக்கும் யாரும் வாங்குனதில்ல.”

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. நனைந்த வயிறு கனத்தது. வலிக்கிற மாதிரி இருந்தது. போய்விட்டது, இந்தத் தடவையும் போய்விட்டது என்று அழுதுகொண்டே ஜான்பீட்டருக்குப் போன் செய்தேன். சாயங்காலம் டாக்டர் முன்னால் படுத்திருந்தேன். அந்த அம்மா ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்தார். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தார். நான் ஜான்பீட்டர் கையை நகம் பதியப் பிடித்திருந்தேன்.

“துடிப்பு இல்லையா டாக்டர்?”

“இருக்கும்மா. போன தடவ நான் சரியா பாக்கல போலருக்கு.”

திரையை என் பக்கம் திருப்பினார்.

“ரெண்டு இருக்கு.”

ஆரம்பத்தில் ஒன்று மறைந்திருந்து பிறகு தெரிவது உண்டு என்று டாக்டர் விளக்கினார். ஜான்பீட்டர் சந்தோஷத்தில் சிரித்தார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஊர்க் குறிப்பை நான் எழுதி முடிக்கவில்லை. வேறு ஆள் போய் எழுதினார்.

இரண்டும் பெண் குழந்தைகள். இப்போது நடக்கிறார்கள், வீட்டை இரண்டுபடுத்துகிறார்கள். அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பார்கள். பெற்ற எனக்கே சில நாள் தடுமாறும், ஒருத்திக்கு ஊட்டின சோற்றை அவளுக்கே மறுபடி ஊட்டியிருக்கிறேன். இரண்டு பேரும் என் பிள்ளைகள். அதற்கு மேல் நான் யோசிப்பதில்லை.

அல்லி அக்கா மாதம் ஒரு தடவை மீனோடு வருவார். கூடையை இறக்கிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு நேராக ஒருத்தியிடம்தான் போவார். அவளைத்தான் முதலில் கையில் வாங்குவார். நான் சட்டையை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பொட்டை மாற்றி வைத்துப் பார்த்தேன். இரண்டு பேரையும் ஒரே போர்வைக்குள் தூங்க வைத்தும் பார்த்தேன்.

அல்லி அக்காவுக்கு மட்டும் இதுவரை ஒரு தடவை கூடத் தடுமாறியதில்லை.