கேவ்டா டிக்ரியின் வரலாற்றை எழுதியவர்

சென்ற வாரம் ஹேடோ துறைமுகத்தில், தீவிலிருந்து மெயின்லேண்ட் கிளம்பிய என் மனைவியைக் கப்பலேற்றிவிட்டுத் திரும்பும்போது போன் வந்தது. ரங்கத்திலிருந்து வங்காளி அண்ணன் பிமல் தாதா. "பிரதான் தீதி சலி கயீ" என்றார். தலைவி அக்கா போய்விட்டாராம்.

தமிழர், வங்காளி, ராஞ்சிக்காரர் எல்லோருக்கும் சரோஜா அக்கா பிரதான் தீதிதான். ரங்கத்துக்குப் பக்கத்தில், தாழம்புதர் மண்டிய குன்றின்மேல் இருக்கும் சிற்றூர் கேவ்டா டிக்ரி. அதன் கடைசிப் பஞ்சாயத்துத் தலைவி அவர். நான் அங்கே செயலாளர்.

எங்கள் பஞ்சாயத்தைப் பக்கத்துப் பெரிய பஞ்சாயத்தோடு சேர்க்க முடிவானபோது, ஊர்ப்பெயரையும் எடுத்துவிடும் யோசனை கூடவே வந்தது. பார்வையிட வந்த அதிகாரி, "காட்டை வெட்டி உட்கார்ந்த இடம்தானே அம்மா, இதுக்கு என்ன வரலாறு?" என்றார். அக்கா கோபப்படவில்லை. "ஒரு மாசம் டைம் குடுங்க சார், எழுதித் தர்றேன்."

மறுநாளே வீடு வீடாக இறங்கினோம். அவர் கேட்பார், நான் எழுதுவேன். யார் எந்தக் கப்பலில் வந்தார்கள், முதல் கிணற்றை வெட்டியது யார், பாம்பு கடித்தவரை ரங்கத்துக்குத் தோளில் சுமந்தது யார் என்று ஒன்றையும் விடவில்லை.

ஊரை உண்டாக்கியது அக்காவின் அப்பாதான் என்று தமிழ் வீடுகளில் சொன்னார்கள். நானும் நம்பியிருந்தேன். ராஞ்சிக்காரர் குடிசைகளுக்குப் போனபோது, மங்ரா என்பவர் எங்களைப் புதருக்குள் அழைத்துப்போய் இரண்டு கல்லறைகளைக் காட்டினார். குடியேறிகள் வருவதற்கு முன்பே இங்கே மரம் வெட்டியவர்கள். மரம் சாய்ந்து செத்தவர்கள். ஒருவர் அவருடைய அப்பா. அவர்களுக்குப் பட்டாவும் இல்லை, எந்தக் காகிதத்திலும் பெயரும் இல்லை. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, இருவர் பெயரையும் கேட்டு என்னை எழுதச் சொன்னார்.

"அப்பா பேரைப் பின்னால தள்ளப்போறியா?" என்று அவருடைய அண்ணன் சத்தம் போட்டார்.

"அப்பா மூணாவது கூட்டத்துல வந்தவரு. மூணாவதாவே இருக்கட்டும்ணே. அதுல என்ன குறைச்சல்?"

அண்ணன் அந்த மாதம் முழுக்கப் பேசவில்லை.

எழுதி முடித்த வரலாற்றைக் கிராமசபையில் அக்கா இந்தியில் வாசித்தார். "ஜாரவாப் பழங்குடிகளின் காடு இது. ராஞ்சித் தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்துத் திறந்த நிலத்தில், வங்காளிகளும் அவர்களுக்குப் பின் தமிழர்களும் வந்து குடியேறினோம்" என்று ஆரம்பித்தது. இறந்த இருவரின் பெயரையும் சொன்னார். பின்வரிசையில் நின்றிருந்த மங்ராவைக் கைபிடித்து அழைத்துவந்து முன்னால் உட்காரவைத்தது அந்த அண்ணன்தான். வாசித்து முடித்ததும் அதிகாரி எழுந்து நின்றார்.

பஞ்சாயத்து போனது போனதுதான். ஆனால் பள்ளிக்கூடம், பேருந்து நிறுத்தம், வார்டு ஆகிய மூன்றின் பெயரிலும் கேவ்டா டிக்ரி நிலைத்தது. "ஆபீஸ்தான் போச்சு, ஊர் போகல" என்று அக்கா தலைநிமிர்ந்து சொன்னது, இதைப் படிக்கும் ஊர்க்காரர்கள் பலருக்கு நினைவிருக்கும்.

எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றும் உண்டு. எல்லா வீட்டையும் எழுதி முடித்த பிறகு, "உங்க வீட்டை எழுதலையே?" என்று கேட்டார்.

"நான் வேலைக்கு வந்தவன் அக்கா. ராமநாதபுரத்துக்காரன்."

"பதினோரு வருஷம் இந்தத் தண்ணியத்தானே குடிச்சீங்க? குடுங்க இங்க" என்று பேனாவை வாங்கி, கடைசி வரியில் என் பெயரைத் தன் கையாலேயே எழுதினார்.

அந்தப் பக்கத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. எந்த ஊர் என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் நான் யோசிப்பதில்லை. கேவ்டா டிக்ரி என்கிறேன்.