ரஃபிக்கும் பதினாறு ரிஜிஸ்டர்களும்

போன வெள்ளிக்கிழமை எங்கள் கிழக்குத் தாம்பரம் ஆபீஸ் முழுக்க அத்தர் வாசனை. ஜும்மா தொழுகை முடித்துப் புதுச் சட்டையில் வந்து உட்கார்ந்திருந்தான் என் நண்பன் ரஃபிக். நாலு மணிக்கு சிட்லபாக்கத்தில் பெண் பார்க்கப் போகிறான்.

அவர்கள் வீட்டில் பெண்களே போய்ப் பார்த்து முடிவு செய்வதுதான் வழக்கம். மாப்பிள்ளை பார்ப்பது கல்யாணத்தன்றுதான். இவன் அம்மாவிடம் கெஞ்சி, ஒரே ஒரு தடவைக்கு அனுமதி வாங்கியிருந்தான்.

நடுவில் நந்தியாக நான்!

ஓடும் புரோகிராமை நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டும் டீபக்கர்தான் எங்கள் சரக்கு. பிராசசருக்குள் ரிஜிஸ்டர் என்று பதினாறு குட்டிப் பெட்டிகள். எதில் என்ன எண் இருக்கிறது என்று காட்டும் ஜன்னலை ரஃபிக் எழுதியிருந்தான். நான் டெஸ்டர். நான் 'பாஸ்' போட்டால் அவன் கிளம்பலாம். ஏழு மணிக்கு சாப்ட்வேர் கஸ்டமருக்குப் போய்விடும்.

திறந்தேன். பதினாறிலும் ஜீரோ. ஜன்னலிலும் ஜீரோ.

"பாஸ்தானே மச்சான்?" பைக் சாவியோடு எழுந்தே விட்டான்.

எனக்கு உறுத்தியது. எல்லாமே ஜீரோ என்றால், எது யாருடைய ஜீரோ என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு பெட்டியிலும் வெவ்வேறு எண்ணைப் போட்டேன். எட்டாவதில் போட்டது ஒன்பதாவதில் தெரிந்தது. ஒன்பதாவதில் போட்டது... எட்டில்!

"டேய், நாளைக்குப் பார்த்துக்கலாமே..."

"கஸ்டமர் இன்னிக்குப் பார்ப்பாரே?"

"நீ நல்லா இருப்பியாடா?" என்றபடி புதுச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். திருத்தியது ரெண்டே வரி. ஆனால் மொத்த சாப்ட்வேரையும் மறுபடி முதலிலிருந்து உருவாக்கி 'பில்ட்' செய்ய முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் அவன் அம்மா நாலு முறை போன் செய்துவிட்டார். கடைசி போன் எனக்கே கேட்டது: "பொண்ணு வீட்டு ஹால்ல உக்காந்துகிட்டு இருக்கோம். என்னன்னுப்பா சொல்றது?"

எண்கள் சரியாக வந்ததும், அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கில் பறந்தேன். ஐந்து தாண்டிவிட்டது. டீ குடித்து முடித்திருந்தார்கள். பெண் உள்ளே போய்விட்டாள். பெண்ணின் அத்தா (அப்பாவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) முகத்தில் சிரிப்பில்லை.

"முதல் நாளே லேட்டா மாப்பிள்ளே?"

ரஃபிக் தரையைப் பார்த்தான். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! பெட்டி, எண், எட்டு, ஒன்பது என்று ஹாலுக்கே பாடம் எடுத்தேன். தப்பு கண்டுபிடித்தது நான், மெனக்கெட்டுத் திருத்தியது இவன் என்றும் சொன்னேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவன் அம்மா என்னை முறைத்தார்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"மைனஸ் நம்பர் போட்டுப் பார்த்தீங்களா?"

ஹாலே திரும்பியது. "எம்.சி.ஏ. முடிச்சிருக்கா..." என்று அத்தா மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். ரஃபிக் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். போட்டுப் பார்க்கவில்லை.

"அம்மா, எனக்குச் சம்மதம்" என்றான் ரஃபிக்.

"இன்னும் நீ பார்க்கவே இல்லையேடா!"

அத்தாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இன்னொரு டீ கொண்டு வாம்மா" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

சில பேருக்கு முகம் பார்த்துப் பிடிக்கும். சில பேருக்குக் கேள்வியே போதும் போலிருக்கிறது. நாம் எதைப் பார்த்து மயங்குவோம் என்று நமக்கே முன்கூட்டித் தெரிகிறதா என்ன?

நான் மட்டும் ஆபீஸ் திரும்பினேன். ஒரு பெட்டியில் மைனஸ் ஒன்றைப் போட்டேன். ஜன்னலில் மைனஸையே காணோம்; நானூற்றிருபத்தொன்பது கோடிச் சொச்சம் தெரிந்தது!

போனைக் கையில் எடுத்து... மறுபடி கீழே வைத்தேன். ஏழு மணிக்கு இன்னும் நேரமிருக்கிறது. பாவம், இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருப்பான்.